அறுபது தவணை

கிளிநொச்சியில், லீசிங் கொம்பனியின் மூன்றாம் மேசையில்
நாள் முழுக்க எனக்கு ஒரே வேலை.
ஆளைப் பார்ப்பேன், வாகனத்தைப் பார்ப்பேன்,
அறுபது மாதத்தில் ஆர் தேறுவார் என்று சொல்வேன்.
பெரும்பாலும் பிழைப்பதில்லை என் கணக்கு.

நேற்றிரவு தங்கச்சியை முன்னால் இருத்தினேன்.
இயலினி, மொறட்டுவைக்குத் தெரிவு.
கட்டடக்கலை. ஐந்து வருஷம்.
"அறுபது மாசம்" என்றேன்.
"உன்ர வாயில வேற கணக்கே வராதா?"

விண்ணப்பப் படிவமொன்றின் பின்பக்கத்தில் எழுதினேன்.
படிப்பு இலவசம். சரி.
அறை, இரண்டு பேர் பங்கில், பன்னிரண்டாயிரம்.
சாப்பாடு. பஸ்.
மடிகணினி; அவள் சொன்ன விலைக்கு
பரந்தனில் பழைய லாண்ட்மாஸ்டர் ஒன்று வாங்கலாம்,
அது உழவாவது செய்யும்.
மட்டை, பசை, வெட்டுக்கத்தி, மெல்லிய பலகை:
பொம்மை வீட்டுக்கா இவ்வளவும்?
"மாதிரி" என்று திருத்தினாள்.

வரவு: மஹாபொல, வந்தால், வருகிறபோது.
பட்டம் முடிய, கொழும்பில் பயிலுநர் சம்பளம்.
அதை நாளுக்குப் பிரித்தால்
எங்கள் ஒழுங்கை மேசனின் கூலியில் பாதி.
அவருக்குத் தேத்தண்ணி, வடை தனி.
பிறகும் இரண்டு வருஷம், பிறகும் ஒரு பரீட்சை,
அதன் பிறகுதான் பெயருக்கு முன்னால் ஒரு சொல்.

போட்ட காசு திரும்ப: பதினொரு வருஷம்.
வாடிக்கையாளர்: இந்தப் பக்கம் எவருமில்லை.
திட்டத்து வீடு ஐந்நூற்றைம்பது சதுர அடி,
அச்சில் வார்த்த மாதிரி ஒழுங்கைக்கு ஒழுங்கை.
மதில் கட்டி மாடி எழுப்புகிறவருக்கு
லண்டனில் இருக்கிற தமையன் அனுப்புவான்
போனில் பிடித்த படம்.

வேறொருவரின் கோப்பாக இருந்தால்
"சிபாரிசு இல்லை" என்று எழுதிவிட்டு
நித்திரைக்குப் போயிருப்பேன்.
அம்மா ஒன்றும் கேட்கவில்லை.
செவ்வாய்க்கிழமைக் குழுக்கடன் அட்டையை மட்டும்
அலுமாரிக்குள் தள்ளி வைத்தா.

இன்று காலை விசுவமடு.
தவமலர் அக்கா, ஓட்டோ, மூன்று தவணை நிலுவை.
ஓட்டோ நின்றது வீட்டுக்குள்,
கூரையில்லாத நடு அறைக்குள்.
அத்திவாரம் மூன்று அறைக்கு.
திட்டம் தந்த காசு லிண்டலோடு முடிந்ததாம்,
நகை ஒரு அறைக்குத் தகரம் போட்டதாம்,
மற்ற அறையில் பப்பாசி, காய்த்தும் இருந்தது.

"ஆர் உங்களை மூண்டு அறை போடச் சொன்னது?"
"ஆரும் சொல்லேல்லைத் தம்பி.
வேண்டாமெண்டும் ஆரும் சொல்லேல்லை."

இந்த வசனத்தை எழுத
எங்கள் கள அறிக்கையில் நிரல் இல்லை.
படம் எடுத்தேன், வழமைபோல, நான்கு பக்கமும்.
பப்பாசியைப் பார்த்துச் சிரிப்பாளென்று
ஒன்றை இயலினிக்கு அனுப்பினேன்.

அவள் சிரிக்கவில்லை. கேட்டாள்:
"அங்க மழை எந்தப் பக்கத்தால அடிக்கும்?"

ஆறு வருஷம், நானூறு வீடு இருக்கும்.
சுவருக்கு விலை வைத்திருக்கிறேன், கதவுக்கு விலை வைத்திருக்கிறேன்,
நிலை கழன்ற யன்னலுக்குக் கழிவு போட்டிருக்கிறேன்.
மழையின் பக்கம் தெரியாது.

பின்னேரம் நேற்றைய படிவத்தைத் திருப்பினேன்.
முன்பக்கத்தில்
முதலாம் பிணையாள் என்ற இடத்தில்
என் பெயரை எழுதிப் பார்த்தேன். கூட்டுத்தொகை
ஒரு சதமும் மாறவில்லை.
இரண்டாம் பிணையாளுக்கு ஆளில்லை.

பிறகு, கந்தோர் பூட்டுகிற நேரம்,
தவமலர் அக்காவுக்குப் போன் எடுத்தேன்,
மழையைக் கேட்க.

என் குரல் கேட்டதும்
"திங்கள் கட்டாயம் தாறன் தம்பி" என்றா,
நான் வாய் திறக்க முதலே.