பயன்பாடு: இல்லை

படிவத்தின் நாலாவது கட்டம்:
நிலத்தின் தற்போதைய பயன்பாடு.
யாரோ பச்சை மையால் நிரப்பியிருந்தார்கள்:
இல்லை.
அம்பனுக்கும் நாகர்கோவிலுக்கும் இடையில்
அறுநூறு பரப்பு
இல்லை.

அந்த இல்லைக்குள்
விடிய நாலரைக்கு
நானும் றெஜினோல்டும் குந்தியிருந்தோம்.
ஒரு ரோச், ஒரு பிளாஸ்க், எண்ணும் தாள்.
கௌதாரியைக் கண்ணால் எண்ண ஏலாது,
காதால் எண்ணவேண்டும்.
காரைப் பற்றைக்குள் ஒன்று தொடங்கும்.
மணல்மேட்டுக்கு அப்பால் இன்னொன்று
அதை மறுத்துக் கத்தும்.
வழக்கு முடியுமுன் கடல் வெளிறிவிடும்.
பதினேழு என்றான் றெஜினோல்ட்.
பதினாறு என்றேன்.
ஒன்றே இரண்டு மூலையில் நின்று கத்தியிருக்கலாம்,
காணிச் சண்டைக்காரர் செய்வதுபோல.

சுற்றாடல் தினத்துக்கு
ஒரு வங்கி ஆயிரம் மகோகனிக் கன்று கொடுத்தது.
பச்சைத் தொப்பிகள், பாண்ட் வாத்தியம்,
'வெறும் பற்றையைக் காடாக்குவோம்' என்று பதாகை.
ஆனி மாதம். சோளகம் மணலை வாரி முகத்தில் எறிகிறது.
மழைக்கு இன்னும் நாலு மாதம்.
கன்று வைக்க இடம் வேண்டும்,
ஆகையால் முதலில் ஜேசிபி.

முகாமையாளரிடம் போய்ச் சொன்னேன்:
இது மரம் இல்லாத இடமில்லை ஐயா,
மரம் கேளாத இடம்.
அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார்.
நல்ல மனிதர்.
"மரம் நடுறதையுமோ பிள்ளை எதிர்ப்பியள்?"
அந்த மணல்மேட்டை
இராவணன் மீசைதான் இழுத்துப் பிடித்திருக்கிறது என்பதை,
சூரை பழுத்தால் நரி எந்த வழியால் வரும் என்பதை,
காவிளாய்க்கு அடியில் மண் எப்படிக் குளிரும் என்பதை
பாண்ட் வாத்தியத்துக்கு மேலாகச் சொல்ல
எனக்குக் குரல் காணாது.

ஈச்சம் பற்றைக்கு அடியில் எட்டு முட்டை.
உறைந்த நெய்யின் நிறம்.
தாய் என் சப்பாத்துக்கு ஒரு முழம் தள்ளி
மூச்சில்லாமல் படுத்திருந்தாள்.
நாளைக் காலை ஜேசிபி இந்தப் பக்கம் திரும்பும்.

சனசமூக நிலையத்துப் பின்சுவரில்
அந்தப் பலகை சாய்ந்து கிடந்தது.
சிவப்பு. மண்டையோடு. கீழே மூன்று மொழி.
வெடி அகற்றியவர்கள் வேலை முடித்துப் போனபோது
எண்ணத் தவறியது.
இரவு பத்தரைக்கு அதைத் தூக்கிவந்து
ஈச்சைக்கு முன்னால் ஊன்றினேன்.
என் பெரியப்பாவின் மகன் யசோ
இப்படி ஒரு பலகை இல்லாத இடத்தில்தான்
பட்டம் எடுக்கப் போய்
இடது காலை விட்டுவந்தான்.
இந்தப் பலகை பொய் சொல்லவே கூடாது.
சொல்லவைத்தேன்.
றெஜினோல்டுக்கும் சொல்லவில்லை.

காலையில் சாரதி நிமலதாசன்
இயந்திரத்தை நிறுத்தி, இறங்கி, பார்த்து,
ஏறி,
அரை வட்டம் அடித்துத் திரும்பினான்.
ஐந்து பரப்புப் பற்றை
தலை வழிக்கும்போது விட்ட குடுமிபோல் மிஞ்சிற்று.
ஆடு மேய்க்கும் இராசமணி அக்கா
மந்தையைச் சுற்றுவழியால் ஓட்டினா.
பதினைந்து வருசமாய் நடந்த பாதை.
ஒரு கிழமை அவ நித்திரை கொள்ளவில்லையாம்.
கேட்டபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆடி பிறக்க மகோகனி கருகிவிட்டது.
ஒவ்வொரு குச்சியிலும் வங்கியின் பெயர்.

பதினெட்டாம் நாளோ பத்தொன்பதாம் நாளோ,
நான் போனபோது கோதுகள் மட்டும்.
உள்தோல் இன்னும் ஈரம்.
வேலிக்கு அப்பால் நின்று அக்கா கத்தினா:
"ஏதும் வெடிச்சதோ பிள்ளை?"
ஓம் அக்கா, ஏழு வெடிச்சுது.
ஒன்று கூழ்.
பிறகு பக்கத்தில் போய் உண்மையைச் சொன்னேன்.
அவ அடிக்கவில்லை.
ஒரு ஆட்டைத்தான் அடித்தா.

பலகையைப் பிடுங்கி
றெஜினோல்டின் மோட்டார் சைக்கிளில்
மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு
பருத்தித்துறை றோட்டால் போனோம்,
உரிய இடத்தில் ஒப்படைக்க.
எதிரே வந்த எல்லோரும்
ஓரம் ஒதுங்கி வழிவிட்டார்கள்.