பக்கத்துக்கு ஒரு நாணயம்

தண்ணீர்க் கட்டணம் மூன்றாம் முறை ஏறிய வாரம்
லோர்னா வோன்ட்ரா நகர அலுவலகத்துக்கு நடந்தாள்,
ஏப்ரனைக்கூடக் கழற்றாமல்.
நெப்ராஸ்காவின் சோளக்கொல்லைகள் சூழ்ந்த டன்ஸ்மோரில்
பதினான்கு இயந்திரம் ஓடும் சலவைக்கடை அவளுடையது.
அந்த ஊரில் அழுக்குக்குப் பஞ்சமே வந்ததில்லை.

"நான் கட்டும் தண்ணீர்க் காசு எங்கே போகிறது?"

எழுத்தர் ஐவெட்டா ஸ்டப்ஸ்
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.
"நான் சொல்ல முடியாது. காகிதம் சொல்லும்.
கேட்க உங்களுக்கு உரிமை உண்டு,
ஏன் என்று எழுதத் தேவையில்லை.
பக்கத்துக்கு இருபத்தைந்து சென்ட்."

மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

மறுநாள் லோர்னா துணிப்பை ஒன்றைக் கொண்டுவந்து
மேசைமேல் கவிழ்த்தாள்:
இயந்திரங்களின் வயிற்றிலிருந்து வழித்தெடுத்த
கால் டாலர்கள், சோப்பு வாசனையோடு.
ஐவெட்டா பத்துப் பத்தாக அடுக்கினாள்.
நாய்க்கு உரிமம் வாங்க வந்து பின்னால் நின்றவர்
பெருமூச்சு விட்டார். நாயும்.

கடை சாத்தியபின், துணி மடிக்கும் மேசையில்,
கடைசி உலர்த்தி சுற்றி ஓயும்வரை படித்தாள்.
ஒன்றும் விளங்கவில்லை.
ஓர் ஊருக்கு எதற்கு இத்தனை பணப்பை?
சாலைக்கு ஒன்று, சாக்கடைக்கு ஒன்று,
கல்லறையில் புல் வெட்டத் தனியாக ஒன்று.
மூன்றாம் இரவுதான் உறைத்தது:
வெள்ளையை வேறாக, வண்ணத்தை வேறாக
நான் பிரித்துப் போடுவதில்லையா?
ஒன்றின் சாயம் இன்னொன்றில் ஏறக் கூடாது,
அதற்குத்தான்.

ஏறியிருந்தது.

பக்கம் நூற்று முப்பத்தேழு.
தண்ணீர் நிதியிலிருந்து பொது நிதிக்கு
'மாற்றம்': மூன்று லட்சத்துப் பதினெட்டாயிரம் டாலர்.
முந்தைய ஆண்டும் அதே. அதற்கு முந்தையதும்.
விவரத்துக்குக் குறிப்பு ஒன்பதைக் காண்க.
குறிப்பு ஒன்பது
குறிப்பு பதினான்கைக் காணச் சொன்னது.

அவள் ஒரு திருடனைத் தேடிக்கொண்டிருந்தாள்.
மேயரின் மச்சான், இல்லாத சாலைக்குப் போட்ட தார்,
யாராவது ஒருவரின் புதுப் படகு.

குறிப்பு பதினான்கு: பனிச்சறுக்கு அரங்கம்.
இருபது ஆண்டுக் கடன்பத்திரம்.
வாக்கெடுப்பில் ஆதரவு 2,114. எதிர்ப்பு 1,890.

அந்த நவம்பர் நினைவிருக்கிறது.
டெஸ்ஸுக்கு அப்போது ஏழு வயது,
கடன் வாங்கிய சறுக்குக் காலணி, இரண்டு அளவு பெரிது.
வரிசையில் நின்று, நீள்வட்டத்தை
வெளியே வழியாமல் கருப்பாக்கியது அவள் கைதான்.
இரண்டாயிரத்து நூற்றுப் பதினான்கில் ஒன்று.

உலர்த்தி நின்றுபோயிருந்தது.
அவள் கவனிக்கவில்லை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்போம் நாம்.
இவர்களும் அளந்துதான் இருக்கிறார்கள், கடைசி சென்ட் வரை.
ஆற்றுக்குத்தான் சொல்லவில்லை.

மன்றக் கூட்டத்தில் பேச மூன்று நிமிடம் தந்தார்கள்.
அவளுக்கு ஒன்றே போதுமாக இருந்தது.
"அரங்கம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை.
அதைக் கேட்டவர்களில் நானும் ஒருத்தி.
கடனென்றால் கடனென்று எழுதி என்னிடம் வாங்குங்கள்.
தண்ணீரென்று எழுதாதீர்கள்.
நான் துவைப்பது தண்ணீரில்."
நன்றி என்றார் தலைவர்.
அடுத்த பொருள்: நாய்ப் பூங்காவின் வேலி.

கட்டணம் இறங்கவில்லை.
ரசீதில் மட்டும் புதிதாக ஒரு வரி முளைத்தது,
பொடி எழுத்தில்: 'இதில் அரங்கக் கடனுக்கு'.
அவள் அதைக் கத்தரித்துச்
சில்லறை மாற்றும் இயந்திரத்தின்மேல் ஒட்டினாள்.
படித்தவர்கள் சிலர். பலர் சில்லறை மாற்றினார்கள்.

மறு ஆண்டு அறிக்கை வந்ததும்
மறுபடியும் பையோடு போனாள்.
இம்முறை பின்னாலிருந்து புரட்டினாள்:
இதர வருவாய்கள், கடைசிக்கு முந்தைய வரி.

ஆவணப் பிரதிக் கட்டணம், ஆண்டு முழுவதற்கும்.
மதிப்பீடு: 0.
வரவு: 53.