மேல் வரம்பு

செவ்வாய்தோறும்
முப்பத்தெட்டு மாடிக் கோபுரத்தின் லிஃப்டை
வெறுமனே ஓட்டிப் பார்ப்பது என் வேலை.
ஆள் ஏறாத லிஃப்டுக்கு ரோஷம் அதிகம்,
கயிறு விறைக்கும், கதவுக்கு வழி மறந்துபோகும்.
ஆகவே நான் ஏறுகிறேன்.
ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்து
பளிங்குத் தரையைப் பார்த்துவிட்டு
மூடிக்கொள்கிறது.

இருநூற்று நாற்பது வீடுகள்.
ராத்திரி விளக்கெரிவது பத்தொன்பதில்.
எண்ணிச் சொன்னவர் காவலுக்கு நிற்கும் நேப்பாளத்துக்காரர்,
அவருக்கும் விடிய வேண்டுமே.
மற்ற வீடுகளில் யார் என்றேன்.
பணம் குடியிருக்கிறது, என்றார்,
சத்தம் போடாத குடித்தனம்.

சாலையைக் கடந்தால் செந்தூல் அடுக்குமாடி.
பதினேழு மாடி, முந்நூற்றுப் பதினாறு குடும்பம்,
மூன்று லிஃப்ட்.
அதில் ஒன்று
மற்ற இரண்டுக்கும் உறுப்பு தானம் செய்தே செத்தது.

கட்டுவதற்குப் பணம் ஒதுக்குகிறார்கள்,
திறப்பதற்கு ரிப்பன், கத்தரிக்கோலுக்குத் தாம்பாளம்.
பதினெட்டு வருஷம் கழித்து ஒரு கப்பி தேய்ந்தால்
அதற்கென்று எந்தத் திட்டத்திலும் பத்தி இல்லை.
மாதம் ஐம்பது வெள்ளி பராமரிப்புக் கட்டணம்,
பாதிப்பேர் பாக்கி.
பாக்கிக்காரர் பட்டியலை லிஃப்டுக்குள் ஒட்டினார்கள்.
லிஃப்ட் ஓடாததால்
யாருக்கும் அவமானம் இல்லை.

தீபாவளிக்கு முந்தின ராத்திரி
ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே நின்றுவிட்டது.
உள்ளே பதினான்காம் மாடி அமிர்தவல்லி,
டயாலிசிஸ் முடிந்து வந்த அவர் கணவர், சக்கர நாற்காலி,
பக்கத்து வீட்டுப் பையன், அவன் கையில் உருகும் ஐஸ்.
மோட்டார் அறையில் பிரேக்கைக் கையால் தளர்த்தி
அங்குலம் அங்குலமாக இறக்கினேன்.
இதில் விதி ஒன்றுதான்:
மேலா கீழா என்று பார்க்காதே,
கிட்டே இருக்கிற தரைக்குக் கொண்டுபோ.
கதவு திறந்தபோது மணி இரண்டு.
மைலோ டின்னில் முறுக்கு கொடுத்தனுப்பினார் அமிர்தவல்லி.
கம்பெனி ஓவர்டைம் போட்டது, எண்பத்து மூன்று வெள்ளி.

ஜனவரியில் வீட்டு மனுவோடு கவுண்டரில் நின்றேன்.
நாலு வருஷக் காத்திருப்பு, கூப்பிட்டிருந்தார்கள்.
யுவனீசா பிறக்குமுன் எழுதிய பாரம்,
பிள்ளைகள் என்ற கட்டத்தில் இன்னும் பூஜ்யம்.
புவான் நோரிசான் சம்பளச் சீட்டுகளைப் புரட்டினார்,
என்னுடையது, தமயந்தியுடையது,
கூட்டினார், அழித்தார், மறுபடி கூட்டினார்.
மூவாயிரத்து நாற்பத்தொரு வெள்ளி அறுபது சென்.
வரம்பு மூவாயிரம்.

எந்த மாதச் சீட்டு என்று பார்த்தேன்.
அந்த ராத்திரிதான்.

வங்கிக்குப் போனால் ஆறாயிரம் இருக்கிறதா என்கிறான்.
அரசாங்கத்துக்கு நான் வசதிக்காரன்,
வங்கிக்கு வக்கில்லாதவன்,
மூவாயிரத்துக்கும் ஆறாயிரத்துக்கும் நடுவே
நின்றுபோன பெட்டியில்
நானும் மனைவியும் ஒரு குழந்தையும்.
அறை வாடகைக்காரனுக்கு
அவசர மணி எந்தப் பக்கம்?

புவான் நோரிசான் நல்ல மாதிரி.
குரலைத் தாழ்த்திச் சொன்னார்:
மூன்று மாதம் ஓவர்டைம் செய்யாதீர்கள்,
புதுச் சீட்டோடு வாருங்கள், வரிசை எண்ணைப் பிடித்து வைக்கிறேன்.
விதியை எழுதியவர்களைவிட
விதியின் ஓட்டை அவருக்குத் தெரிந்திருந்தது.
நன்றி சொன்னேன், வெளியே வந்து
மாமாக் கடையில் தே ஓ குடித்தேன்,
நாற்பத்தொரு வெள்ளி அறுபது சென்னை
ஏழை வரியாக யாருக்காவது கட்டிவிட முடியுமா
என்று யோசித்தேன்.

இரண்டு மாதம் தாண்டிவிட்டோம்.
மூன்றாவதில் இருபத்தெட்டாம் தேதி,
பதினொன்றரைக்குப் போன் அடிக்கிறது.
அடுக்குமாடிக் காவலாளி.
பின்னால் யாரோ கதவைத் தட்டுகிற சத்தம்.
தமயந்தி நாட்காட்டியைப் பார்க்கிறாள்,
என்னைப் பார்க்கவில்லை.

எந்த மாடிக்கும் எந்த மாடிக்கும் நடுவே
என்று கேட்டுவிட்டேன்.