அடியில் கிடப்பது

பிள்ளைகள் இரண்டையும் தக்கலையில்
நாத்தனார் வீட்டில் இறக்கிவிட்டு
குலசேகரம் தாண்டி மலையேறினோம்.
கல்யாணமாகிப் பதினொரு வருடத்தில்
இரண்டு பேர், இரண்டு நாள், ஒரே ஒரு பை
என்று கிளம்பியது அன்றைக்குத்தான்.

வில்பிரட்டின் முதுகில் கன்னத்தைச் சாய்த்திருந்தேன்.
கடைவாய்ப் பல்லுக்கு அவன் சட்டைச் சூடு இதமாக இருந்தது.
ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு இல்லை.
ஐப்பசி மழை.
மரத்துக்கு ஒரு கிண்ணம், கிண்ணம் நிறைய வெள்ளம்.

எஸ்டேட் விடுதியில் ஒரு தாள் கொடுத்தார்கள்:
காலை நடை, இரவுச் சாப்பாடு,
மாலை நாலு மணிக்கு வடிசாலை.
என்ன வடிக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை.
தாளைத் திருப்பிக் கட்டிலில் வைத்தேன்.
பதினான்கு மாதம்.
அவன் எண்ணுவதில்லை, நான்தான் எண்ணுகிறேன்.

கிராம்பு என்றார் தாசையன், அங்கே மேற்பார்வை.
மொட்டு சந்தைக்குப் போய்விடும்,
உதிர்ந்த இலையும் காம்பும் இங்கே வரும்.
ஆளுயரத்துக்கு எஃகுப் பானை,
அதன் கழுத்து நீண்டு வளைந்து
குளிர்ந்த தொட்டிக்குள் சுருண்டு
மறுபக்கம் சொட்டிக்கொண்டிருந்தது.

வில்பிரட் கேட்டான்:
எத்தனை மணிநேரம் தீ எரியணும்,
முதல் வடியும் கடைசி வடியும் ஒரே தரமா,
ஆவி வெளியே போனா என்ன செய்வீங்க.
இப்படிக் கேட்கிறவர்கள் வருவதில்லை என்று
தாசையனுக்கு ஒரே சந்தோஷம்.
நான் அவன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
கால்சட்டைப் பைக்குள் இருந்தன, இரண்டும்.

கண்ணாடிக் குடுவையில் பால்போலத் தண்ணீர்.
"எண்ணெய் எங்க?" என்றேன், மேலே தேடி.
"கீழ பாருங்க மோளே.
மத்த எண்ணெ மெதக்கும்,
இது வெள்ளத்தவிட கனம்."
குனிந்தேன்.
பாலில்லாத சாயா நிறத்தில்
ஒரு விரல்கடை உயரம், அசையாமல் கிடந்தது.

அந்த வாசனை எனக்குப் புதிதில்லை.
ஒன்பது வருடம், எந்த ராத்திரி கதவைத் திறந்தாலும்
அவன் வாயில் கிராம்பு.
சட்டையை வாளியில் முக்கினால்
பையிலிருந்து கறுத்த மொட்டுகள் மேலே வரும்.
எங்கள் வீட்டுப் பிரியாணியில் கிராம்பு கிடையாது.
பிள்ளைகள் ஏனென்று கேட்டதில்லை.

பல்லுக்கு நல்லது என்று
சின்னக் குப்பி ஒன்று வாங்கினான்.

மரச்சீனிக் கிழங்கும் நெத்திலிக் குழம்பும் தின்று படுத்தபின்
வலி தெறித்தது.
பஞ்சில் தொட்டு என் கடைவாயில் வைத்தான்.
"நீ மட்டும் எரிஞ்சிட்டுக் கிடக்காண்டாம்" என்று
தன் நாக்கிலும் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டான்.
கரண்ட் போனது.
கொஞ்ச நேரம் தகரத்தில் மழை மட்டும்.
பிறகு இருட்டில் அவன் குரல்:
"நல்ல மல... நிக்காது, இல்லியா..."

என் உடம்பு எனக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்தது.
அந்தக் குழறல்.
எத்தனையோ ராத்திரி, கதவு திறந்ததும் கேட்ட அதே நாக்கு.
யோசிக்குமுன் அவன் வாய்க்குப் பக்கத்தில்
என் மூக்கு இருந்தது.

அவன் விலகவில்லை.
டாக்டரிடம் காட்டுவதுபோல் வாயைத் திறந்து வைத்தான்.
கிராம்பு. கிராம்பு மட்டும்.
கிராம்பு மட்டும் என்பதை
நான் எப்படி நம்புவது?

"ஒண்ணுமில்ல, கெடந்து ஒறங்கு" என்றேன்.
மரத்துப்போன என் வாயிலிருந்து
அது வேறு ஏதோ பாஷையாக வந்து விழுந்தது.
அவன்தான் முதலில் சிரித்தான்.
எனக்குக் கொஞ்சம் தாமதமாகியது.

ஞாயிற்றுக்கிழமை இறங்கும்போது
குப்பியை எங்கே வைக்க என்று கேட்டான்.
உன் சட்டைப்பையில் வை என்றேன்.
வளைவு வரும்போதெல்லாம் அவனைச் சுற்றிப் பிடித்த கை
அதில் போய்த் தட்டியது.
பேச்சிப்பாறை வரைக்கும் தட்டியது.
அப்புறம் ரோடு நேரானது,
நான் கையை எடுக்கவில்லை.