வெட்டு இல்லாத நாள்

எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு மழை.
எடவப்பாதி ஒன்று, ஐப்பசியில் ஒன்று.
வெளியூர்க்காரர்களிடம் பெருமையாய்ச் சொல்வேன்,
பெல்சி வரும்வரை.

குலசேகரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி
ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரி,
மாடிப்படிக்குக் கீழே எங்கள் அறை.
பிடரியில் பொள்ளல்.
"ஷீட்டுக்குப் பால் உறைய வைக்கும்போ
ஆசிட் தெறிச்சிட்டு."
தெறிக்கிற ஆசிட் முன்னங்காலில் அல்லவா விழும்?
நான் கேட்கவில்லை.
'காயத்தின் காரணம்' என்ற கட்டத்தைக்
காலியாக விட்டேன்.

மூன்றாம் முறை வந்தபோது
சாயா ஆறி ஆடை படிந்தது.
ஜன்னலையே பார்த்திருந்தாள்.
"மழ வருமா அக்கா?"
"குடை எடுக்கலியா?"
"மழ பெய்தா ரப்பர் வெட்டு இல்ல.
வெட்டு இல்லேண்ணா
அவரு வீட்டுல."

அப்புறம்தான் பேனாவைத் திறந்தேன்.
எழுதியதை வாசித்துக் காட்டினேன்.
ஒரு சொல்லில் நிறுத்தினாள்.
"அடித்தார் இல்ல அக்கா.
அடிப்பாருண்ணு போடுங்க."

வக்கீல், மனு, பாதுகாப்பு உத்தரவு,
எல்லாம் அதன் வேகத்தில் நடக்கிறது.
அதுவரை எங்களுக்குள் ஓர் ஏற்பாடு:
ஒரு மிஸ்டு கால் என்றால் சுகம்.
இரண்டு என்றால் ஜீப்.
காலையில் எழுந்ததும் பார்க்கிறேன்
பேச்சிப்பாறையில் எத்தனை மில்லிமீட்டர்.

இன்றிரவு மலைப்பக்கம் இடி.
"நாளைக்கு ஸ்கூல் லீவு விடுவாங்களாம்மா?"
மகன் கைகூப்பி வானத்தைக் கேட்கிறான்.
அவனைத் திட்டவும் முடியாது.

போன் ஒருமுறை அடித்து நின்றது.

சுகம்தான்.
இருந்தும் கையிலிருந்து
கீழே வைக்கவில்லை.