கண் வாடகை

டானிட்சா வுலெட்டிச்சை நான் நேரில் பார்த்தது
இரண்டே முறை.
கையெழுத்துப் போட்ட அன்று,
சாவி வாங்கிய அன்று.
நடுவில் ஏழு மாதம்
வெறும் குரல்.

பில்பராவில் இரும்புத்தாது லாரி ஓட்டுகிறேன்.
இரண்டு வாரம் சுரங்கம், ஒரு வாரம் வீடு.
வீடு என்றால்
அக்கா கெர்ரினின் கார் ஷெட்டில், புல்வெட்டும் மெஷினுக்குப் பக்கத்தில்
ஒரு மடக்குக் கட்டில்.

கடலோரத்தில் எந்த வீட்டையும்
சனிக்கிழமை அரைமணி நேரம்தான் திறந்து காட்டுவார்கள்.
அந்த அரைமணியில் நான்
செம்மண் புழுதிக்குள் கண்ணாடி பார்த்து
லாரியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருப்பேன்.
விற்கிறவனுக்குத் தரகன் இருக்கிறான்,
வாங்குகிறவளுக்கு யார்?
கண்ணை வாடகைக்கு எடுத்தேன்.
விலையில் நூற்றுக்கு இரண்டு.

"படத்தில் கடல் தெரிகிறதே" என்றேன் முதல் வீட்டுக்கு.
"தெரியும், டாய்லெட் தொட்டிமேல் ஏறி நின்றால்."
இரண்டாவது வீட்டின் சுவரைத் தட்டி
போனை அதன்மேல் வைத்தாள்.
சொத்தைப் பல்லின் சத்தம்.
கரையான் என்றாள்.
மூன்றாவதற்கு ஒரே வரி:
புதுப் பெயின்ட் வாசனை தூக்குகிறது,
எதையோ மறைக்கிறார்கள், விடு.

நாலாவதற்கு
என்னவோ அவளே திரும்பத் திரும்பப் போனாள்.
மழையில் குடைபிடித்து நின்று
கூரைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தாள்.
செவ்வாய் இரவு பதினொன்றுக்குத் தெருவில் காரை நிறுத்தி
கண்ணாடியை இறக்கி
பத்து நிமிடம் பேசவில்லை.
"கேட்கிறதா ரேலீன்?"
"ஒன்றும் கேட்கவில்லையே."
"அதைத்தான் கேட்கச் சொன்னேன்."

மதியம் மூன்று மணிக்கு
கடல்காற்றுக்காகக் காத்திருந்தாள்.
ஃப்ரீமாண்டல் பக்கம் அதை டாக்டர் என்பார்கள்.
"வந்துவிட்டார், பீஸ் கேட்காதவர்.
முன்கதவில் நுழைந்து சமையலறை வழியாகப் போகிறார்.
கதவுக் கீல்களைத்தான்
உப்பு வைத்துத் தின்றிருக்கிறார்.
அதற்கு ஒரு தொகை குறைக்கச் சொல்கிறேன்."

விலையை எழுதி உறையில் போட்டுத் தரவேண்டும்.
எட்டு லட்சத்து நாற்பதாயிரம், அதுதான் என் எல்லை,
முதல் நாளே சொல்லியிருந்தேன்.
கடைசி நாள் சாப்பாட்டுக் கொட்டகையிலிருந்து கத்தினேன்,
"அறுபது என்று எழுது!"
அவள் என் பழைய மெசேஜை
எனக்கே வாசித்துக் காட்டினாள்:
'புத்திகெட்டு ஏற்றச் சொல்வேன், ஏற்றாதே.'
வாசித்துவிட்டு,
"இப்போது பேசுவது அந்த ரேலீனா, இந்த ரேலீனா?"

பதில் சொல்லவில்லை.
வேறொருவர் ஐம்பது போட்டார்.
வீடு போயிற்று.

மூன்று ஷிப்ட் முழுக்க
அவளைத் திட்டிக்கொண்டே மண் கொட்டினேன்.
இல்லாத சன்னலுக்குத் திரை தைத்திருந்தேன் மனதில்,
அதைப் பிரிக்கத் தெரியவில்லை.

இருபத்திரண்டாம் நாள் போன்.
அந்த ஐம்பதுக்கு பேங்க் கைவிரித்துவிட்டது.
"இன்னும் வேண்டுமா உனக்கு?
அப்படியானால் கொஞ்ச நேரம் சும்மா இரு."
எட்டு லட்சத்து முப்பத்திரண்டுக்கு முடித்தாள்,
கீல்களையும் சேர்த்து.

சாவி தந்தபோது
குரலைவிடக் குள்ளமாக இருந்தாள்.
கை குலுக்கினாள், வேறு வீடு பார்க்கப் போய்விட்டாள்.

நான் பூட்ஸைக் கழற்றி வைத்து நடந்தேன்.
எல்லாம் தெரிந்த இடமாகவே இருந்தது:
மூன்றாவது பலகை முனகும் என்றாள், முனகியது.
குளியலறைச் சன்னல் பாதிதான் திறக்கும் என்றாள், பாதிதான்.
என்னைவிட முந்தி
என் காது குடிவந்திருந்தது.

இரவு போன் போட்டேன்.
"பின்பக்க வேலி ஓரம் ஒரு மரம் இருக்கிறதே,
அது என்ன மரம்? நீ சொல்லவே இல்லையே."
அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம்.
"வாடகை முடிந்தது ரேலீன்.
இனி நீயே பார்."

மறுநாள் மூன்று மணிக்கு
டாக்டர் வந்தார்.
கீல் இன்னும் மாற்றவில்லை.
கதவு அலறியது.
திறந்தே விட்டேன்.