பத்து எலிகள்

ஊபி தொழிற்பேட்டை, ஆறாம் மாடி,
இரவு பதினொன்றே கால்.
என் திரையில் மாவு ஆலைக்காரன் நிற்கிறான்.
அவன் தாடியில் மட்டும் நாற்பதாயிரம் மயிர்,
ஒவ்வொன்றும் தனித்தனியே நனைகிறது.
தலைக்கு மேல் ஒரு மஞ்சள் ஆச்சரியக்குறி.
வாயைத் திறந்தால்:
"நிலவறையில் எலித்தொல்லை, வீரரே.
பத்தைக் கொன்று வாருங்கள்."

இந்த வசனத்துக்கு மூன்று கூட்டம் போட்டோம்.
ஹுவி மின் எலியை வௌவால் ஆக்கிப் பார்த்தாள்.
ஃபைருஸ் பத்தைப் பன்னிரண்டாக்கினான்.
மூன்றாம் கூட்டத்தின் முடிவில்
எலிக்கே வந்தோம், பத்துக்கே வந்தோம்.

தொண்ணூற்றாறில், ஈசூன் வீட்டில்,
சிம் லிம் ஸ்குவேரில் தவணைக்கு வாங்கிய கணினியில்
இதே ஆள் பதினாறு புள்ளி உயரத்தில் நின்றான்.
தாடி ஒரு பழுப்புக் கட்டம்.
எலியும் கட்டம்தான், வாலுக்கு ஒரு புள்ளி கூடுதல்.
நானும் எதிர்வீட்டு யோகேஸ்வரியும்
ஒரே நாற்காலியில் பாதிப் பாதி உட்கார்ந்து
பத்தையும் கொன்றோம்.
ஆட்டம் அப்போது எண்ணிச் சொல்லாது.
கணக்கு நோட்டின் பின்னட்டையில்
அவள்தான் கோடு போட்டு வைத்தாள்.
"கோபுரத்துக்கு வடக்கே, பட்ட மரம் தாண்டி" என்பான்.
வடக்கு எது என்பதை
நாங்கள் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்வோம்.

இப்போது தரையிலேயே ஒளிக்கோடு ஓடுகிறது.
மற்றபடி
போ, எடு, கொடு, பெறு.
காணாமல்போன பிள்ளையைத் தேடு.
அரசன்தான் கெட்டவன் என்று கடைசியில் கண்டுபிடி.
உலகம் அழிய மூன்று நாள் என்பார்கள்;
நீ நாற்பது மணிநேரம் மீன் பிடிக்கலாம்,
அழிவு உனக்காகக் காத்திருக்கும்.

எங்களுக்கு வெகு முன்னால்
பரிசு வாங்கித் திரும்பும் பாணன் ஒருவன்
பசியோடு எதிரே வரும் பாணனை நிறுத்தி
இன்ன மலை ஏறு, இன்ன காட்டில் யானை, பார்த்துப் போ,
இன்ன குடியில் சோறு கிடைக்கும்,
போய்ச் சேர்ந்தால் தேரே தருவான் என்று
அனுப்பி வைக்கவில்லையா?
உயர்நிலை மூன்றில்
ஆற்றுப்படை என்றால் என்ன என்று கேட்டார்கள்.
"தலைக்கு மேல் ஆச்சரியக்குறி உள்ள பாணன்" என்று எழுதினேன்.
இரண்டுக்குப் பூஜ்யம்.

மூன்றாவது பிளாப்பி அவளுடையது.
தொலைந்துபோச்சு என்று அவளிடம் சொன்னேன்.
சனிக்கிழமை அவள் டியூஷன் போன நேரம்
தனியாக அரண்மனைக்குள் நுழைந்தேன், டிராகனைக் கொன்றேன்.
கறுப்புத் திரையில் ஒற்றை வரி: வாழ்த்துகள்.
நாற்காலியின் மறுபாதியில்
மடிக்காத துணி குவிந்திருந்தது.

அடுத்த ஆண்டு அவர்கள் உட்லண்ட்ஸ் போனார்கள்.
ரயிலில் அன்று மூன்றே நிறுத்தம்.
இடையில் கான்பெரா வந்து
இப்போது நான்காகிவிட்டது.

நான்கு வீடு மாறிவிட்டேன், பிளாப்பி கூடவே வருகிறது.
அதைப் படிக்கும் கருவி இந்தத் தீவில் எங்காவது இருக்கலாம்.
எங்கள் ஆட்டத்தில் சில பொருள்களை விற்க முடியாது.
கீழே போடப் பார்த்தால்
"இது முடியாத பணிக்குரியது" என்று ஒரு கட்டம் எழும்.
அந்த வரி நான் எழுதியது.

போன வாரம் ஒரு சின்னப் பணியும் எழுதினேன்:
வாங்கியதை உரியவளிடம் திருப்பிக் கொடு.
ஓரத்தில் ஃபைருஸ் குறித்திருந்தான், "பரிசு எங்கே?"
ஐம்பது பொற்காசு என்று போட்டுச் சேமித்துவிட்டேன்.

கணினியை அணைக்கிறேன்.
இருட்டுக்குள் ஆலைக்காரன் அதே வாயோடு நிற்பான்.
கீழே பேருந்து நிறுத்தம். பதினான்கு நிமிடம் என்கிறது பலகை.
என் தலைக்கு நேர் மேலே
ஒரு மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு எரிகிறது.
யாரும் வந்து கேட்கவில்லை.
கேட்டால் சொல்ல
ஒரே ஒரு வசனம் வைத்திருக்கிறேன்.